தெய்வங்களுக்கும் ஓர் ஐந்தொகை



வருமான வரி, ஓய்வூதியச் சேமிப்பு, வீட்டுக்கடன் என்று வழக்கமாகப் பேசுகின்ற நான் இம்மாதம் கடவுளர் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் எமது நேயர்களான தாய்மார் இருவர். இருவரும் வெவ்வேறு கிழமைகளில் தொலைபேசியில் ஏறக்குறைய ஒரே விடயத்தைக் கேட்டார்கள். "அண்ணை, பிள்ளை சனிக்கிழமையிலை கூட்டாளிமாரோட சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுறான். அதிலை கன சாமியள் வருது. முருகனுக்கு எத்தினை பொயின்ற் எண்டு என்னட்டைக் கேட்கிறான். இது வேற சமயத்துக்கு இழுக்கிற வேலையோ?" என்றார் ஒருவர். நிகழ்ச்சி நேரத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இதற்கு இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974 இல் வெளியிட்டது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன், பூசகர் என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதைக்குள் போவார்கள். செய்கின்ற காரியம் வெல்லுமா தோற்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். எங்கள் நாட்டுக்கூத்தையும் தாயக்கட்டையையும் ஒன்றாகக் கலந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980களில் அமெரிக்காவில் இதைப் பேய் வழிபாடு என்று சொல்லிச் சில பெற்றோர் இயக்கமே நடத்தினார்கள். ஆனால் விளையாடுகின்ற பிள்ளை யாரையும் கும்பிடுவதில்லை. கூத்தில் எமன் வேடம் கட்டியவர் எமனாகிவிடுவதில்லை அல்லவா?

பூசகர் பாத்திரம் இருப்பதால் அவர் யாருக்குப் பூசை செய்கிறார் என்ற கேள்வி வரும். அங்கேதான் தெய்வங்கள் வருகின்றன. 1980 இல் இந்த விளையாட்டுக்காகத் தெய்வங்களுக்கென்றே ஒரு தனி விதிநூல் வந்தது. கிரேக்கர், எகிப்தியர், வட ஐரோப்பியர் ஆகியோரின் தெய்வங்களோடு இந்தியத் தெய்வங்களுக்கும் அதில் ஒரு பகுதி இருந்தது. இந்திரன், அக்கினி, வருணன், விஷ்ணு, காளி, இலக்குமி, யமன் ஆகியோருடன் கார்த்திகேயனும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஆயுள் புள்ளி போட்டிருந்தார்கள். கிரேக்கரின் சியூசுக்கும் வட ஐரோப்பியரின் ஓடினுக்கும் 400. ஆகவே முருகனுக்கு எத்தனை புள்ளி என்று பிள்ளை கேட்டது தானாகக் கற்பனை செய்து கேட்டதல்ல. யாரோ ஒரு கூட்டாளியின் தகப்பனாரிடம் அந்தப் பழைய புத்தகம் இருந்திருக்கும். 2002 இல் வந்த தெய்வ விதிநூலில் கிரேக்க, எகிப்திய, வட ஐரோப்பியத் தெய்வங்கள் இருக்கின்றன. 2014 இன் அடிப்படை விதிநூலில் அவற்றோடு கெல்ற்றியரின் தெய்வங்கள் உண்டு. இரண்டிலும் இந்தியப் பகுதி கிடையாது. கோடிக்கணக்கானோர் இன்றும் கும்பிடுகின்ற தெய்வத்துக்குப் புள்ளி போடுவது எனக்கு உவப்பில்லை, அது இல்லாமற் போனது நல்லதே.

இனித் தரம் பிரிக்கும் விடயத்துக்கு வருவோம். என்னைப் போன்ற கணக்குக்காரனுக்குச் சுவையான இடம் இதுதான்.

1980 இன் நூலில் மூன்று படிகள் இருந்தன. பெருந்தெய்வம், சிறுதெய்வம், அரைத்தெய்வம். (பெருந்தெய்வம், சிறுதெய்வம் என்ற சொற்களை எமது ஆய்வாளர்கள் ஆகமக் கோயிலுக்கும் ஊர்க் கோயிலுக்கும் பயன்படுத்துவார்கள். இங்கே நான் சொல்வது விளையாட்டின் படிகளை மட்டுமே.) 2002 இன் நூல் இதைச் சுத்தமான எண்கணக்காக்கியது. 1 முதல் 5 வரை அரைத்தெய்வம். 6 முதல் 10 வரை சிறுதெய்வம். 11 முதல் 15 வரை நடுத்தரத் தெய்வம். 16 முதல் 20 வரை பெருந்தெய்வம். 21 உம் அதற்கு மேலும் உள்ளவர்கள் தெய்வங்களுக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் மன்றாட்டைக் கேட்பதில்லை, வரம் கொடுப்பதில்லை, அடியார்களைப் பொருட்படுத்துவதுமில்லை. சில பண்டிதர்களைத் தவிர வேறு யாருக்கும் அவர்களைத் தெரியாது.

பூச்சியம் என்றும் ஒரு தரம் உண்டு. தாய் தகப்பனில் ஒருவர் தெய்வமாகவும் மற்றவர் மனிதராகவும் இருந்து பிறந்தவர்கள் அந்தத் தரத்தில் வருவார்கள். அவர்களுக்குச் சாவில்லை, ஆனால் அடியாருக்கு மந்திர சக்தி வழங்க முடியாது. சாதாரண மனிதருக்குப் பூச்சியம் கூடக் கிடையாது, அவர்களுக்குத் தரமே இல்லை என்று நூல் தெளிவாகச் சொல்கிறது. வங்கியில் கணக்கு இருந்து மீதி பூச்சியமாக இருப்பது வேறு, கணக்கே திறக்காமல் இருப்பது வேறு. இதை வகுத்தவர்கள் கணக்கியல் படித்திருப்பார்களோ என்று யோசித்தேன்.

தரத்தை எதை வைத்து அளக்கிறார்கள்? பெரும்பாலும் அடியார் தொகையை வைத்து. அரைத்தெய்வத்துக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் அடியார். சிறுதெய்வத்துக்குச் சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம். நடுத்தரத் தெய்வத்துக்குப் பல இலட்சம். பெருந்தெய்வத்துக்குப் பல மில்லியன். தரம் உயர உயரத் தெய்வத்துக்கு வேலையும் கூடும், காது கேட்கும் தூரமும் கூடும்.

அந்தக் காது கேட்கும் விதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு பொறுப்புத்துறை உண்டு. போர், அறுவடை, கடல், வணிகம், மரணம் என்று அமைச்சர்களுக்குப் போல. தன் துறையில் ஏதாவது நடந்தால் தெய்வத்துக்குத் தானாகத் தெரியவரும். ஆனால் எவ்வளவு பெரிதாக நடந்தால்? அரைத்தெய்வத்துக்கு, அந்த நிகழ்வில் ஆயிரம் பேராவது சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். சிறுதெய்வத்துக்கு ஐந்நூறு பேர் போதும். நடுத்தரத் தெய்வத்துக்குத் தொகை ஒரு பொருட்டில்லை. ஒருவருக்கு நடந்தாலும் தெரியும், தன் தர எண் எவ்வளவோ அத்தனை வாரங்கள் முன்பு நடந்ததும் தெரியும். பெருந்தெய்வத்துக்கு அத்தனை வாரங்கள் பின்னால் நடக்கப்போவதும் தெரியும்.

இதை வாசித்தபோது புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்தேன். எங்கள் ஊரில் நடந்தவை வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஒரு மூலையிலாவது வருவதற்கு எத்தனை பேர் சாகவேண்டியிருந்தது என்பதை இதை வாசிக்கின்ற குடும்பங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஐந்நூறுக்குக் குறைந்தால் தெரியவராது என்ற விதியை யாரோ விளையாட்டுக்காகத்தான் எழுதினார்கள். ஆனால் உலகம் நடக்கும் விதம் ஒன்று அதில் பதிந்து கிடக்கிறது.

அதே நூலில் இதற்கு மாறான இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரு தெய்வம் விரும்பினால் தன் புனித இடங்களைச் சுற்றி, தன் தர எண் எவ்வளவோ அத்தனை மைல் தூரத்துக்கு எல்லாவற்றையும் பார்க்கலாம், கேட்கலாம். தன் அடியார் ஒவ்வொருவரைச் சுற்றியும் அப்படியே. அடியார் எங்கே நின்றாலும் சரி. அதாவது, கோயில் பூட்டிக் கிடந்தாலும் அடியார் போன இடமெல்லாம் தெய்வத்தின் காதும் போகிறது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்து போன சனங்களின் எத்தனையோ கோயில்கள் பல ஆண்டுகள் விளக்கு வைக்க ஆளில்லாமல் கிடந்தன. அந்தச் சனங்களில் ஒரு பகுதி ஸ்காபரோவில் சாமிப்படத்தை அடுக்களை அலுமாரித் தட்டில் வைத்துக் கும்பிட்டது. கோயிலை மட்டும் எண்ணினால் அந்தத் தெய்வம் பூச்சியம். ஆட்களை எண்ணினால் அப்படியல்ல.

விளையாட்டுக்கென்று எழுதப்பட்ட உலகங்கள் பல. அவற்றில் தெய்வங்களின் ஏற்ற இறக்கத்தை மிக விரிவாகச் சொல்வது ஃபர்கொட்டன் ரெல்ம்ஸ், அதாவது மறக்கப்பட்ட நாடுகள் என்ற உலகம். இதைப் படைத்தவர் எட் கிரீன்வூட். ரொறொன்ரோவில் பிறந்தவர், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்து நூலகங்களில் வேலை செய்தவர். விளையாட்டு பிறப்பதற்கு முன்பே, சிறு வயதில் தன் கதைகளுக்காக அந்த உலகத்தை எழுதத் தொடங்கிவிட்டார். அது 1987 இல் விளையாட்டு நூலாக வெளியானது.

அந்த உலகத்தில் எல்லாத் தெய்வங்களுக்கும் மேலே ஆவோ என்றொருவர் இருக்கிறார். பேன், மிர்க்குல் என்ற இரு தீய தெய்வங்கள் விதி எழுதிய பலகைகளைத் திருடிவிடுகின்றன. கோபம் கொண்ட ஆவோ எல்லாத் தெய்வங்களையும் மனித உடலில் பூமிக்குத் துரத்துகிறார். அவர்களது நாட்காட்டியில் அது 1358 ஆம் ஆண்டு. மேலே ஏறும் படிக்கட்டில் ஹெல்ம் என்ற காவல் தெய்வம் மட்டும் பதவியோடு நிறுத்தப்படுகிறது. மந்திரத்தின் தெய்வமான மிஸ்ட்ரா ஏற முயன்றபோது, கட்டளைப்படி ஹெல்ம் அவளைக் கொன்றுவிடுகிறது. பேனும் டோர்ம் என்ற கடமையின் தெய்வமும் ஒருவரையொருவர் கொன்று விழுகிறார்கள், டோர்மை மட்டும் ஆவோ பிறகு எழுப்புகிறார். கடைசியில் மிட்நைற் என்ற மனிதப்பெண் மிஸ்ட்ராவின் இடத்துக்கும், சிரிக் என்ற திருடன் செத்துப்போன மூன்று தீய தெய்வங்களின் இடத்துக்கும் உயர்த்தப்படுகிறார்கள். 1989 இல் வந்த மூன்று நாவல்களில் இந்தக் கதை இருக்கிறது.

கலவரம் முடிந்ததும் ஆவோ ஒரு புதிய சட்டம் போடுகிறார். இனித் தெய்வத்தின் பலம் அதன் அடியாரின் தொகையிலும் பற்றின் ஆழத்திலும்தான் தங்கும் என்பதே அது. அதுவரை தெய்வங்கள் அடியாரை அலட்சியம் செய்து திரிந்தன. சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு அடியாரும் மூலதனம். இதனால்தான் அந்த உலகத்தில் வேளாண்மைத் தெய்வமான சோன்ரியா பெருந்தெய்வமாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை. எந்த நாட்டிலும் அரசனை விட, மந்திரவாதியை விட, கமக்காரர்தான் அதிகம்.

பயமும் வரவில்தான் சேரும். கடல் தெய்வமான அம்பர்லீயை விரும்பிக் கும்பிடுவோர் மிகக் குறைவு. ஆனால் கடலுக்குப் போகின்ற ஒவ்வொருவரும் மூழ்காமல் இருக்க அவளுக்குக் காணிக்கை போடுவார்கள். அதனால் அவள் நடுத்தரத் தெய்வம். அன்பால் வந்த காசா அச்சத்தால் வந்த காசா என்று பேரேட்டில் தனித்தனிப் பக்கம் இல்லை. துன்பப்படுவோரின் தெய்வமான இல்மாற்றரும் நடுத்தரம்தான். அடிமைகள், ஏழைகள், வதைபட்டோர் அவரைக் கும்பிடுகிறார்கள். துன்பப்படுவோரின் தொகையைப் பார்த்தால் அவர் எல்லோருக்கும் மேலே இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் துன்பம் தீர்ந்ததும் மனிதர் வேறு வாசலுக்குப் போய்விடுவார்கள் போலும்.

எனக்குப் பிடித்தது வோக்கீனின் கதை. அவள் வணிகத்தின் தெய்வம். மேலே சொன்ன கலவரத்தில் காணாமற் போய்விடுகிறாள். செத்தாளா இருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் அவளது துறையை லிரா என்ற மகிழ்ச்சித் தெய்வம் பொறுப்பேற்கிறது. தன்னுடையதாக எழுதிக்கொள்ளவில்லை, நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, 1371 இல், பாதாளத்தில் அசுர அதிபதி ஒருவனிடம் சிறைப்பட்டிருந்த வோக்கீன் மீண்டு வருகிறாள். லிரா துறையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. காணாமற் போனவரின் காணி உறுதியை ஒரு சொந்தக்காரர் பத்திரமாக வைத்திருந்து, ஆள் வந்ததும் கையில் கொடுப்பது எவ்வளவு அரிது என்பதை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த மகிழ்ச்சித் தெய்வத்தின் மீது எனக்குத் தனி மரியாதை.

எதிர்மாறான கதை பேனுடையது. அவன் செத்த பிறகு அவனது மகன் சிவிம் தகப்பனின் அடியாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டி மேலே வருகிறான். 1372 இல் ஒரு நாள் மகனின் உடலைப் பிளந்துகொண்டு தகப்பன் வெளியே வருகிறான், மகன் கட்டிய சபை முழுவதும் தகப்பனுக்குப் போய்விடுகிறது. குடும்ப வியாபாரங்களில் இதுவும் நடப்பதுதான்.

சிரிக் செய்தது கள்ளக் கணக்கு. தன்னைத் தவிர வேறு கடவுளே இல்லை என்று வாசிப்பவரை நம்ப வைக்கின்ற ஒரு மந்திரப் புத்தகத்தை எழுதுவிக்கிறான். முதலில் அதை வாசித்து முற்றாக நம்பிவிடுபவன் அவனே. புத்தி பேதலித்து, தன் கையிலிருந்த மரணத் துறையை கெலம்வோர் என்ற இன்னொரு முன்னாள் மனிதனிடம் இழக்கிறான். தான் எழுதிய பொய்க்கணக்கைத் தானே நம்பி முறிந்த முதலாளிகள் பூமியிலும் உண்டு.

கெலம்வோரின் கதையில்தான் பிள்ளைகளோடு இருந்து கதைக்கவேண்டிய விடயம் வருகிறது. அந்த உலகத்தில் ஒருவர் செத்தால் அவரது தெய்வம் வந்து ஆன்மாவைக் கூட்டிப் போகும். எந்தத் தெய்வத்தையும் ஏற்காமல் வாழ்ந்தவரைக் கூட்டிப் போக யாரும் வரமாட்டார்கள். அவர் இறந்தோர் நகரத்தின் மதிற்சுவரில் கல்லோடு கல்லாக வைத்துப் பூசப்பட்டு, காலப்போக்கில் கரைந்து இல்லாமற் போவார். நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை, எவருடைய பேரேட்டிலும் பெயர் இல்லை என்பது மட்டுமே குற்றம். கெலம்வோர் மனிதனாக இருந்து வந்தவன் என்பதால் முதலில் நல்லது கெட்டதைப் பார்த்து இரக்கத்தோடு தீர்ப்புச் சொன்னான். மற்றத் தெய்வங்கள் அவன் மீது வழக்கு வைத்தன. நல்லவராக வாழ்ந்தாலே போதுமென்றால் எங்களை யார் கும்பிடுவார்கள் என்பதுதான் வழக்கின் சாரம். குற்றப்பத்திரத்தில் அதற்கு இட்ட பெயர், மனிதத்தன்மையால் வந்த திறமையின்மை. 1998 இல் வந்த நாவலில் இது இருக்கிறது. அவன் பணிந்து, இரக்கத்தைக் கைவிட்டான். 2001 இன் விதிநூலிலும் மதில் இருந்தது.

எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லாமல் விமான நிலையக் கதிரையில் இருந்தவர்கள் எங்களில் பலர். அந்த மதிலை வாசிக்கும்போது அவர்களுக்கு என்ன தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பல விளையாட்டுக்காரருக்கும் அது பொறுக்கவில்லை. 2007 இல் வந்த கணினி விளையாட்டு ஒன்றின் முழுக்கதையும் அந்த மதிலைச் சுற்றியே நடக்கிறது. 2015 இன் நூலொன்றில் மதில் பற்றி எழுதியிருந்த பகுதியை 2020 இல் வெளியிட்ட திருத்தத்தில் நிறுவனம் நீக்கிவிட்டது. கற்பனை மதில்தான், ஆனாலும் இடிக்க நெடுங்காலம் எடுத்தது.

எண்கணக்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2008 இன் பதிப்பில் பல சிறிய தெய்வங்களைப் பெரிய தெய்வங்களின் கீழ்ப் பணியாளராக்கி ஆட்குறைப்புச் செய்தார்கள். 2014 இல் பெருந்தெய்வம், சிறுதெய்வம், தெய்வச் சாயல் கொண்டோர் என்று மூன்றே படி. எண்கள் போய்விட்டன. எண் போட்ட உடனே பிள்ளைகள் எந்தத் தெய்வம் எதை அடிக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவார்கள், கதை நின்றுவிடும். அந்த வகையில் எண்ணைக் கைவிட்டது சரியான முடிவு.

தாய்மாருக்கு இன்னொரு விளக்கம். பிள்ளை பூசகர் வேடம் எடுத்தால் எந்தத் தெய்வத்தைத் தெரிந்தான் என்று கேட்டுப் பாருங்கள், ஏன் என்றும் கேளுங்கள். பெரிய தெய்வத்தைத் தெரிந்தால் கூடுதல் பலம் கிடைக்கும் என்று சில பிள்ளைகள் நினைப்பதுண்டு. முதற்பதிப்பில் அது உண்மைதான். அப்போது பூசகரின் மந்திரங்கள் ஏழு படி. அரைத்தெய்வத்தின் பூசகருக்கு ஐந்தாம் படிக்கு மேல் கிடையாது, சிறுதெய்வத்தின் பூசகருக்கு ஆறு, பெருந்தெய்வத்தின் பூசகருக்கே ஏழும். பின்னர் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். 2002 இன் விதிப்படி தரம் ஒன்று இருந்தாலே போதும், அந்தத் தெய்வம் தன் பூசகருக்கு எல்லாப் படியும் கொடுக்கலாம். சில நூறு பேர் கும்பிடுகின்ற தெய்வத்தின் பூசகர் காயத்தில் கை வைத்தாலும், மில்லியன் பேர் கும்பிடுகின்ற தெய்வத்தின் பூசகர் கை வைத்தாலும், உருட்டுகின்ற பகடை ஒன்றுதான்.